நெமானி எடுக்காத கத்தி

1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினேழாம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்திற்கு நெமானியை முதன்முதலாகப் பார்த்தேன். பிஜித் தீவில், சிங்கடோகா ஆற்றங்கரைப் பள்ளியில் அன்றுதான் பொறுப்பேற்கவிருந்தேன். ஏழரைக்கு மணி அடிக்க வேண்டுமே என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, ஆசிரியர் குடியிருப்பின் பின்புறத்தில் அரம் உராயும் ஓசை கேட்டது. போய்ப் பார்த்தேன். பின்வாசற்படியில் ஒருவர் அமர்ந்து தம் வெட்டுக்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த அரம், முந்தின நாள் மாலையில் நான் சுவர் ஆணியில் மாட்டிவைத்த என் அரம்.

"நல்ல அரம்," என்றார், தலையை நிமிர்த்தாமலே.

"தெரியும். அது என்னோடது."

"அதான் சொல்றேன். புது மாஸ்டர் நல்ல அரமா வச்சிருக்காரேன்னு." கட்டைவிரலால் கத்தியின் கூர்மையைப் பார்த்தார். "எந்த ஊரு?"

"லம்பாசா."

"லம்பாசாவா? எங்க சித்தப்பா மக அங்கதான் வாழ்க்கைப்பட்டுப் போயிருக்கா. அப்போ நீ எனக்கு மச்சான்." அரத்தை அதே ஆணியில் மாட்டினார். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது மச்சான், இங்க நின்னுக்கிட்டு என்ன பண்ற?"

அன்று ஏழு நிமிடம் தாமதமாகத்தான் மணி அடித்தேன்.

நெமானிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். எங்கள் தோட்ட வேலியை ஒட்டி அவரும் மனைவி லோசலினியும் பயிரிட்ட வள்ளிக்கிழங்குத் தோட்டம். இரு தோட்டங்களுக்கும் நடுவில் ஒரு கல்யாண முருங்கை நின்றது. அது இலையுதிர்த்துச் சிவந்து பூத்தால் கொடி நடும் காலம் வந்துவிட்டது என்று பொருள். நெமானி வேறு நாள்காட்டி பார்த்ததில்லை. ஊருக்குப் பொதுவான கருவிகள், அதாவது மண்வெட்டிகள், கடப்பாரைகள், ஒரு மரமறுக்கும் இயந்திரம் ஆகியவை ஒரு தகரக் கொட்டகையில் இருந்தன. அதன் சாவி நெமானியின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. பொருளைப் பொறுப்பாய்ப் பார்த்துக்கொள்பவர் என்று ஊர் அவருக்கு அளித்திருந்த மதிப்பு அது. ஞாயிறன்று தேவாலயத்திற்குப் போகும்போதும் அவர் அதைக் கழற்றியதில்லை.

ஊரின் சாவியை அப்படிக் காத்தவர், என் பொருளைக் கேளாமலே எடுப்பார். மச்சானிடம் அனுமதி கேட்பது அவனை அந்நியனாக்குவது என்பது அங்குள்ளோர் எண்ணம். எடுத்த பொருள் ஓரிரு நாளில் ஆணிக்குத் திரும்பிவிடும். அதனோடு பின்வாசலில் ஒரு கட்டுச் சேம்போ, வாழையிலையில் பொதிந்த ஆற்று இறாலோ இருக்கும். இதையெல்லாம் முழுமையாக அறிந்திருந்தும் என் மனம் ஒப்பவில்லை. ஒரு மாலை, ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, எல்லாக் கருவிகளின் பிடியிலும் என் பெயரின் முதலெழுத்தைச் சுட்டேன். என் தந்தை கரும்பு வெட்டிய கத்தியின் கொய்யாமரப் பிடியிலும் சுட்டேன்.

மறுநாள் நெமானி அந்தக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கத்திக்குப் பேரு வச்சாச்சா மச்சான்? ஞானஸ்நானம் எப்போ? சொன்னா போதகரைக் கூட்டிட்டு வரேன்."

என் மனைவி தேவகி அடுக்களையில் நின்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2003ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அந்தக் கத்தி காணாமற்போயிற்று. நான்கு நாள் காத்திருந்தேன். ஆணி வெறுமையாகவே இருந்தது. நெமானியிடம் கேட்டேன்.

"நான் எடுக்கலியே மச்சான். நல்லா தேடிப் பாரு. உன் கத்திக்குத்தான் பேரு இருக்கே, கூப்பிட்டா வராதா?"

அந்தக் கேலி என்னைச் சுட்டது. அதே வாரத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. பள்ளி ஆசிரியர் என்ற முறையில் என்னையும் பேச அழைத்தார்கள். பள்ளிக் கிணற்றைப் பற்றிப் பேசிவிட்டு, ஆசிரியர் குடியிருப்பில் திருட்டு நடக்கிறது என்றேன். 'எடுத்துப் போனார்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொற்களைத் தேர்ந்து எழுதக் கற்றுக்கொடுப்பவன் நான். 'திருட்டு' என்ற சொல்லைத் தேர்ந்தே சொன்னேன். பெயர் எதையும் கூறவில்லை. கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. என் பின்வாசலுக்கு வருபவர் யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தரையில் விரித்த பாயின் ஓரத்தைப் பார்த்தபடி நெமானி அமர்ந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை அவர் என் வீட்டிற்கு வந்தார். ஐந்து ஆண்டில் முதன்முறையாக முன்வாசல் வழியாக வந்தார். ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் சுலு வேட்டியை உடுத்தியிருந்தார். உடன் அவருடைய பெரியப்பா. கையில் ஒரு கட்டு யங்கோனா வேர், சடங்குகளில் இடித்துக் கரைத்துக் குடிப்பது. இருவரும் வாசலருகே தரையில் தலைகவிழ்ந்து அமர்ந்தார்கள். அவர் கழுத்தில் சாவி இல்லை.

பெரியப்பாதான் பேசினார். "மாஸ்டர், எங்க குடும்பத்து மேல ஒரு வார்த்தை விழுந்திருக்கு. அது சரியா தப்பான்னு பேச நாங்க வரல. உங்க மனசு நொந்திருக்கு, அதுக்காக வந்திருக்கோம். இந்த வேரை ஏத்துக்குங்க. இதோட அதைப் புதைச்சிடலாம்."

புதைத்தல் என்றே அந்தச் சடங்கிற்குப் பெயர். வேரை ஏற்றுக் கைதட்டிவிட்டால் விவகாரம் மண்ணுக்குள் போய்விடும். பிறகு எவரும் அதைப் பேசலாகாது. நான் வேரைத் தொட்டேன், கைதட்டினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று மனத்திற்குள் எழுதிக்கொண்டேன். மன்னித்துவிட்டவனின் பெருந்தன்மையும் எனக்குச் சிறிது இருந்தது. இன்று நினைக்கையில் கூசுவது அந்தப் பெருந்தன்மைக்காகத்தான்.

திங்கட்கிழமை அவர் பின்வாசலுக்கு வந்தார். படிக்கு இரண்டடி தள்ளி நின்றார்.

"மாஸ்டர், அரம் கிடைக்குமா? நீங்க வேணாம்னா பரவாயில்ல."

எடுத்துக் கொடுத்தேன். அரை மணியில் திருப்பித் தந்தார்.

ஆகஸ்ட் மாதம் வந்தது. கல்யாண முருங்கை இலையுதிர்த்தது. அதன்மேல் படர்ந்திருந்த காட்டுக்கொடியும் காய்ந்து சுருண்டது. நடவுக்கு நிலத்தைச் சீராக்கப் போனவன், முதல் பூங்கொத்துகளை அண்ணாந்து பார்த்தபோது, மரத்தின் கவையில் கொய்யாமரப் பிடி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். என் முதலெழுத்து என்னையே பார்த்தது.

உடனே நினைவு வந்தது. மார்ச்சில் ஒரு நாள் கிளை கழித்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் ஒரு சிறுமி விழுந்துவிட்டாள் என்று குரல் கேட்டது. கத்தியைக் கவையில் கொத்திவிட்டு ஓடினேன். அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்த் திரும்ப இரண்டு நாளாயிற்று. அதற்குள் பெய்த மழையில் கொடி சரிந்து அதை மூடியிருக்க வேண்டும். கத்தியைப் பிடித்து இழுத்தேன், எளிதில் வரவில்லை. கொத்திய இடத்தில் பட்டை இருபுறமும் தடித்து, இரும்பை உதடுபோல் கவ்வியிருந்தது.

வேலிக்கு அப்பால் நெமானி மண் கூட்டிக்கொண்டிருந்தார். முப்பதடி தொலைவு, கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். நான் கத்தியைச் சட்டைக்குள் மறைத்து வீட்டிற்குள் கொண்டுவந்து, சாக்கில் சுற்றி, கூரைக்கடியில் குறுக்குச் சட்டத்தின்மேல் வைத்தேன்.

தேவகி பார்த்துவிட்டாள். "இப்பவே போய் அவர்கிட்ட சொல்லுங்க."

"புதைச்சதை மறுபடி பேசக்கூடாது. அது அவங்க வழக்கம்."

"அவங்க வழக்கத்துல உங்களுக்குத் தோதானது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

"அடுத்த கூட்டத்துல சொல்றேன்."

அடுத்த கூட்டத்தில் கிணற்றைப் பற்றித்தான் பேசினேன். கொட்டகைச் சாவி வேறொருவர் கழுத்தில் இருந்தது. நெமானி ஒரு கடப்பாரை வேண்டுமென்றாலும் அவரிடம் போய்க் கேட்டு நின்றார். ஒருமுறை, சந்தையில் யங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கினேன். அவர் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் அமர்ந்ததுபோலத் தரையில் அமர்ந்து, உண்மையைச் சொல்வதென்று முடிவுசெய்திருந்தேன். அந்த வாரம் கல்வி அதிகாரி வந்தார். வேர் அவருக்கு வரவேற்பாயிற்று.

ஆறு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. டிசம்பர் மாதப் புயலொன்று எங்கள் கூரைத் தகடுகளைப் பிய்த்தெறிந்தது. பள்ளிக் கட்டடம் சாய்ந்துகிடந்ததால் நான் அங்கேயே இருந்தேன். நெமானி கேட்காமலே வந்து, இரண்டு நாள் என் வீட்டுக் கூரைமேல் வேலை செய்தார் என்று தேவகி சொன்னாள். இரண்டாம் நாள் மாலை நான் திரும்பியபோது ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஒழுகாது இனிமே," என்றார். "மேல எல்லாம் பாத்துட்டேன். உள்ள இருக்கிறதெல்லாம் நனையாம இருக்கு."

"டீ குடிச்சிட்டுப் போங்க."

"எங்க வீட்டுக்கும் கூரை இல்ல. லோசலினி திட்டுவா. வரேன் மச்சான்."

மச்சான் என்ற சொல்லை ஆறரை ஆண்டுக்குப் பின் கேட்டேன். புயல் எல்லோரையும் உறவாக்கிவிட்டது என்று எண்ணி மகிழ்ந்தேன். சாக்கின் நினைவு வரவில்லை.

மூன்று வாரங்கழித்து எலித்தொல்லைக்காகக் கூரைக்கடியில் ஏறினேன். சாக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் மடிப்பு என்னுடையதன்று. பிரித்தேன். துருவோடு சுற்றிவைத்த கத்தி பளபளத்தது. தேங்காய் எண்ணெய் மணத்தது. முனைவரை ஒரே சீராக அரம் ஓட்டியிருந்தார் நெமானி. என் முதலெழுத்துப் பொறித்த பிடியில் ஆடிக்கொண்டிருந்த ஆணியையும் இறுக்கியிருந்தார்.

அன்றே போயிருக்க வேண்டும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்த பிறகு, முன்னைவிடக் கடினமாயிற்று. அவரோ மறுபடி கேளாமல் அரத்தை எடுத்தார், படியில் அமர்ந்தார், என் நரைமுடியைக் கேலி செய்தார். எப்போதேனும் ஒரு சாடையாவது காட்டுவார் என்று காத்திருந்தேன். காட்டினால் அதைப் பற்றிக்கொண்டு பேசிவிடலாமென்று இருந்தேன். அவர் காட்டவில்லை.

2012இல், கல்யாண முருங்கை பூக்கும் முன்பே, நெஞ்சுவலியில் நெமானி இறந்தார். துக்கத்திற்கு ஊர் வழக்கப்படி பாயும் யங்கோனா வேரும் கொண்டுபோய் வைத்தேன். ஊர்த்தலைவர், பள்ளிக்கூடத்து மாஸ்டர் நெமானிக்கு நல்ல மச்சானாக இருந்தார் என்று எல்லோர் முன்பும் சொன்னார். லோசலினி தலையசைத்தாள். நான் கைதட்டி அந்தச் சொல்லையும் ஏற்றுக்கொண்டேன்.

அந்தத் துக்கக் கூட்டத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம்: 'கத்தி என்னிடம்தான் இருந்தது.' அந்த வாக்கியத்தை அவர் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.