வேலுத்தாய் மறைத்த மாத்திரை

வேலுத்தாய்க்கு வாய் நீளம் என்று நாரணாபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்பெனி வேனில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, தண்ணீர்க் குழாயில் சண்டை. பொங்கல் வைக்கும் இடத்தில் பூசாரியையே நிறுத்திக் கேள்வி கேட்டவள். அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தில் ஊமையாகிப் போனது.

மாசி மாதம் திருத்தங்கலிலிருந்து திரும்பும்போது, புருஷன் பாண்டிமுருகனின் பைக் வேகத்தடையில் தூக்கிப் போட, பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தவள் தலையடிக்க விழுந்தாள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே ஒரு தடவை வலிப்பும் வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "நான் சொல்ற வரைக்கும் இத நிறுத்தக் கூடாது. வேற எந்த மாத்திரை வாங்குனாலும் இதச் சொல்லித்தான் வாங்கணும்" என்றார்.

சொல்வதா? பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தவள் அவள். வலிப்புக்காரி என்று தெரிந்தால் எந்தக் கம்பெனியும் கேட்டைத் திறக்காது. வேலை போய்விடுமே! மாத்திரையை ஒருவேளைகூடத் தவறாமல் விழுங்கினாள், அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து.

அவள் திரும்பி வந்த அன்று போர்மேன் ராஜபாண்டியன், "இனி லேபிள் ஒட்டுற ஷெட்டுல உக்காரு" என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அங்கே லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு எதிரே உட்கார்ந்து பசை தடவினாள்.

தீபாவளி சீசன் நெருங்கியதும் எங்கள் எல்லாருக்கும் இடுப்பு விட்டுப்போகும். வேன் நிற்கும் இடத்தில் ஜெயச்சந்திரனின் மெடிக்கல் கடை. "வலிக்கு ஒரு செட்டு" என்றால் போதும். நாலு அட்டையிலிருந்து நாலு மாத்திரையை வெட்டிக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். பேரும் கிடையாது, சீட்டும் கிடையாது. அதைக் கடலை மிட்டாய் மாதிரி வாங்கித் தின்றுகொண்டிருந்தோம், நானும்தான்.

வேலுத்தாயிடம் மட்டும் ஒருநாள் கேட்டார். "கீழ விழுந்தீகளேம்மா, வேற மாத்திரை எதுவும் ஓடுதா?"

ஜெயச்சந்திரன் போர்மேனுக்கு மச்சினன். உண்மையை வாயிலிருந்து விடுவாளா?

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். நல்லாக் கேக்குற மாத்திரையாப் போடுங்க" என்றாள். அவரும் போட்டார்.

அந்த வாரமே, மத்தியானச் சோற்றுக்கு முன்னால், பசைச் சட்டிமேல் சாய்ந்தாள். கண் மேலே சொருகியது, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. "இரும்பக் குடுங்க, இரும்பக் குடுங்க!" என்று எல்லாரும் கத்தினோம். வலிப்புக்கு இரும்பைக் கையில் திணிப்பதுதானே வழக்கம். ஆனால் பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்புக்கு எங்கே போவது? சாவி, கொண்டை ஊசிவரை கேட்டிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். எங்கள் ஷெட்டு மாடத்தி சாவி வாங்க கேட்டுக்கு ஓடினாள். "பொறி தெறிச்சா யாரு பதில் சொல்றது?" என்று வாட்ச்மேன் தர மறுத்துவிட்டார். அங்கே அவர்கள் மல்லுக்கு நிற்க, இங்கே வலிப்பு தானாகவே நின்றுபோனது. அதற்கப்புறம் இரும்பைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெனிட்டா வேலுத்தாயின் தலையடிக் கதையைக் கேட்டுவிட்டு, அவள் மடியிலிருந்த காகித உறையைக் கொட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இதுல ஒண்ணு கடுமையான வலி மாத்திரைக்கா. தலையில அடிபட்டவங்களுக்கு வலிப்பக் கொண்டுவந்துரும். கடைக்காரர்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

உடம்பு தேறியதும் வேலுத்தாய் கணக்கு முடிக்கத்தான் கம்பெனிக்கு வந்தாள். துணைக்கு நான் போனேன். ராஜபாண்டியன் முகத்தைப் பார்க்காமல், "வலிப்பு இருக்கத மறைச்சது தப்புதான்" என்று ஆரம்பித்தாள்.

"யாருட்ட மறைச்ச? ஒன் வீட்டுக்காரர் அன்னைக்கே வந்து சொல்லிட்டாரே. இல்லாட்டி ஒன்ன எதுக்கு லேபிள் ஷெட்டுக்கு மாத்துறேன்? டாக்டர் சரின்னா வந்து ஒக்காரு" என்றார் அவர்.

வாசலில் பைக்கோடு நின்ற பாண்டிமுருகனிடம் பாய்ந்தாள். "எவன்யா ஒன்னச் சொல்லச் சொன்னது?"

அந்த மனுஷன் அதிகம் பேசாதவர். "நீ வேல போயிரும்னு பயந்த. நான் ஆளே போயிரும்னு பயந்தேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பக்கமாக உட்கார்ந்தவள், இறங்கி, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள்.

மறுபடி வேலைக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் மெடிக்கல் கடையில் வேன் கூட்டம் முழுக்க நின்றது. எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.

"அண்ணாச்சி, நான் வலிப்பு மாத்திரை சாப்பிடுறவ. அதோட ஒத்துப்போறது இருந்தாக் குடுங்க. இல்லாட்டி இடுப்பு வலிச்சுட்டே கெடக்கட்டும்."

"அதுக்கு எதுக்கும்மா இம்புட்டுச் சத்தம்?" என்றார் ஜெயச்சந்திரன்.

"மெல்லச் சொல்லணும்னு நெனச்சுத்தான் இத்தன நாளும் சொல்லாமலே இருந்துட்டேன்" என்றாள்.