பெருமாயி ஊட்டு ஸ்பீக்கர்

மலையில், சோளக்காடு என்ற ஊருக்கு மேலே, பெருமாயி வீட்டில் ஆளில்லாத நேரத்தில் பாட்டு ஓடுகிறதென்றால் அது பேயும் இல்லை, மறதியும் இல்லை. அவள்தான் வேண்டுமென்றே போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு காட்டுக்குப் போயிருக்கிறாள். ஊர் இதை நம்பவே சில நாள் பிடித்தது. நம்பிய பிறகு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன.

ஐம்பதைத் தொட்டவள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. மிளகுக்கொடி ஏறிய மரங்கள் அவள் பேரில், மரவள்ளி போட்ட துண்டுக்காடு அவள் பேரில். ஆனாலும் அந்த வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் அண்ணன் அர்த்தனாரி வந்து இடம் காட்ட வேண்டும். அவரைக் கேட்காமல் அவள் வாங்கிய முதல் பொருள், சேலத்துக் கடையிலிருந்து வேனில் மலையேறி வந்த ஒரு ஜோடி ஸ்பீக்கரும் அதற்கான ஆம்ப்ளிஃபையரும். ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் இடுப்பு உயரம்.

இந்த ஆசை திடீரென்று முளைத்ததில்லை. வாசலூர்பட்டி விடுதி ஒன்றில் கொஞ்ச காலம் சமையலுக்குப் போனாள். தங்க வந்த ஒருவர் அறையில் பாட்டுப் போட்டிருந்தார். காப்பி கொண்டுபோனவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். பாடுகிற பெண் அடுத்த வரிக்கு முன்னால் மூச்சு இழுத்தது கேட்டது! திருவிழாவுக்கு மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் பாட்டு காதைக் கிழிக்கும், ஆனால் எவருடைய மூச்சும் கேட்காது. காப்பி ஆறிப்போனதற்காக அன்று திட்டு வாங்கினாள். திட்டு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. அந்த மூச்சு போகவில்லை.

"ஒத்தப் பொம்பளைக்கு இது எதுக்கு அம்மிணி? யாருக்கு இது?" என்று அர்த்தனாரி கேட்டபோது அவளுக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை.

"நோம்பி திருவிழா நாளைக்கு ஆகுமுங்கண்ணா. பேரப்புள்ளைக வந்தாக் கேக்குமுங்க" என்று மென்று விழுங்கினாள். சொன்ன பிறகு அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

செட்டைப் பொருத்திக்கொடுத்த கடை ஆள் கார்த்தி பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். "புதுசுங்கம்மா, உள்ள இருக்கற கூம்பு இப்ப வெறப்பா இருக்கும். தெனமும் மிதமாச் சத்தம் வெச்சு ஓட உடுங்க. இளக இளகத்தான் அடிச்சத்தம் தெளிவா வரும். ஒரு மாசத்துல புடிக்கலீன்னா நாங்களே திருப்பி எடுத்துக்குவம்."

பெருமாயிக்கு இது சட்டென்று பிடிபட்டது. புது ஆட்டுக்கல்லில் முதலில் தவிடு போட்டு ஆட்டிக் கொட்டுவார்கள் அல்லவா? கல்லுப்பொடி கலந்த அதை யார் வாயில் வைப்பார்கள்? இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினாள். முதலில் வருகிற பாட்டைக் கேட்கக்கூடாது. ஆகவே தினமும் ஓடவிட்டாள், தான் காட்டில் இருந்தாள்.

ஆளில்லாத வீட்டில் பாட்டு ஓடுகிற கதை அண்ணன் காதுக்குப் போனது. நேரே வந்து நின்றார். "மாசக் கடைசீல நான் வந்து கேப்பன். நல்லா இல்லீன்னா வேனுல ஏத்தி அனுப்பீருவன், ஆமா."

"கேளுங்க! நல்லா இல்லீன்னா நானே ஏத்தி உட்டர்றன்" என்றாள் பெருமாயி. கோபத்தில் விட்ட வார்த்தை. ஊரே கேட்டிருந்தது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தாள். சுவரை ஒட்டி வைத்தால் சத்தம் அதிர்ந்தது. சாண் சாணாக முன்னால் நகர்த்தினாள். இடது பெட்டியைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பினாள். நகர்த்திய இடத்திலெல்லாம் அடையாளத்துக்குத் தரையில் கரிக்கோடு போட்டாள். அந்த அறைக்கு ஒரே ஒரு நாற்காலி. அதையும் இழுத்து இழுத்து ஒரு இடத்தில் போட்டபோது, பாடுகிறவள் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் வந்து நின்றாள். ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் அவள் இல்லை. ஆனால் அடிச்சத்தம் மட்டும் அடங்கவே இல்லை, கும் கும் என்று எல்லாவற்றையும் மூடியது.

அதற்குள் மிளகு காய்ந்துவிட்டது. பனி ஏறாத அறை அது ஒன்றுதான் என்பதால் மூட்டைகளை அதன் மூலைகளில் அடுக்கினாள். அன்று சாயங்காலம் பாட்டுப் போட்டாள். கும்மென்ற சத்தம் இல்லை. அடுத்த வரிக்கு முன்னால், அந்த மூச்சு. பெருமாயி அழுதேவிட்டாள். இளகிவிட்டது, பழகிவிட்டது என்று நினைத்தாள்.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். அண்ணன் வருகிற நாளில் அறை குப்பையாக இருக்கக்கூடாது என்று, மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வருகிற வியாபாரி இலியாஸை அன்றைக்கே மிளகு ஏற்ற வரச் சொன்னாள். மூட்டைகள் வாசலில் நின்ற லாரிக்குப் போயின. கூட்டித் துடைத்தாள். அர்த்தனாரி வந்தார், இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பாட்டைப் போட்டாள்.

கும். கும். கும்.

"குடத்துக்குள்ள கத்தறாப்புல இருக்குது" என்றார் அர்த்தனாரி. "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கடைக்குத்தான்.

பெருமாயி பெட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நேற்று இருந்தது இன்று எங்கே போயிற்று? நாற்காலி அதே இடம். பெட்டிகள் அதே கோட்டில். மூலையைப் பார்த்தாள். துடைப்பத்துக்குத் தப்பிய நாலு மிளகு கிடந்தது.

வாசலுக்கு ஓடினாள். "இலியாசு! லாரிய நிறுத்து! மூட்டைய எறக்கு!"

இலியாஸ் ஏறக்குறைய கிளம்பிவிட்டிருந்தான். "எடை போட்டாச்சுங்கக்கா. வேற யாராச்சும் கேட்டாங்களா?"

"மிளகு உனக்குத்தான் தம்பி. இப்பத்திக்கு எனக்கு வேணும். எறக்கு."

சுமை ஆட்கள் முணுமுணுத்தார்கள். என்னதான் நடக்கிறது பார்த்துவிடலாம் என்று இலியாஸே ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். மூலைகளில் பழையபடி அடுக்கினார்கள். பெருமாயி அதே பாட்டை முதலிலிருந்து போட்டாள்.

கும்மென்ற சத்தத்தை மூட்டைகள் குடித்துவிட்டன. வாசலில் நின்ற சுமை ஆட்கள் கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அர்த்தனாரிக்கு அப்போதுதான் கடை லைன் கிடைத்திருந்தது, எதிர்முனையில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கட் பண்ணினார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். அப்படியே விட்டிருக்கலாம், அவரால் முடியவில்லை. "அதுக்காக மிளக விக்காம ஊட்டுலயே வெச்சிருப்பியா?"

"நாளைக்கே சாக்குல சாமை உமி ரொப்பி வெச்சுக்கறனுங்க. அது பத்தலீன்னா மண்ணு ரொப்பறன். உங்களுக்கு நல்லா இல்லாமப் போயிருந்தாலும் நான் அனுப்பியிருக்க மாட்டனுங்கண்ணா. அன்னிக்குச் சொன்னது வாய்க் கொழுப்பு. இப்பச் சொல்றதுதான் பேச்சு."

"அட, யாருக்கு அம்மிணி இதெல்லாம்?"

"எனக்குத்தானுங்க."

சொல்லிவிட்டு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். அண்ணன் எதிரில் அவள் ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"எந்திரிங்கண்ணா. அது நான் உக்கார்ற எடம்."

அர்த்தனாரி இலியாஸைப் பார்த்தார். இலியாஸ் மூட்டையைப் பார்த்தான். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாக எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு, சுவரோரம் போய் நின்றார்.

பெருமாயி உட்கார்ந்தாள். பாடுகிறவள் மூச்சை இழுத்தாள்.