காப்பியில் கழுவிய சுருள்

காப்பியில் ஃபிலிம் கழுவலாமாம் என்று நான் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. “அப்பம்னா காப்பித்தூளு வாங்கணும்லா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தச் சுருளில் அக்கா இருந்தாள். நான் மில்லில் சேர்ந்த புதிதில், யாரோ விற்ற பழைய கேமரா ஒன்றை வாங்கி, விலை குறைவு என்பதற்காகக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளைச் சுட்டுத் தள்ளினேன். பெரிய போட்டோகிராபர் மாதிரி நான் ஒரு காலை மடக்கி உட்கார்ந்ததைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாதிச் சுருளிலேயே கேமரா மக்கர் செய்தது. ரிப்பேர் பார்க்கலாம் என்று பரணில் போட்டேன். மறு வருஷம் மஞ்சள் காமாலை வந்து அக்கா போய்விட்டாள். கேமராவை எல்லோரும் மறந்துவிட்டோம்.

வளர்ந்த அக்காவின் படம் என்று வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. மாப்பிள்ளை பார்ப்பதற்காக ஸ்டுடியோவில் எடுத்த படத்தின் பிரதிகளைத் தரகருக்கும், பெண் கேட்ட தூத்துக்குடிக்காரர்களுக்கும், இடைசெவல் மாமாவுக்கும் கொடுத்திருந்தோம். அவள் செத்த பிறகு அம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று கேட்டாள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணின் படத்தை வீட்டில் வைக்கக்கூடாது என்று எரித்துவிட்டோம் என்றார்கள். ஸ்டுடியோவில் இருந்த நெகட்டிவைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம், பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோ ஒன்றுதான். அதில் அக்காவின் முகம் தீக்குச்சி மருந்து அளவு. அம்மா அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவாள், தள்ளிப் பிடிப்பாள், பிறகு உள்ளே வைத்துவிடுவாள்.

வருஷங்கள் கழித்து வீடு மாறும்போது பரணிலிருந்து கேமரா இறங்கியது. அன்றைக்கு அம்மா சோறு பொங்கவில்லை.

ஸ்டுடியோக்களெல்லாம் கலர் லேப் ஆகியிருந்த காலம். கறுப்பு வெள்ளையை இங்கே யாரும் கழுவுவதில்லை, சென்னைக்கு அனுப்பலாம் என்றார் எனக்குப் பழக்கமான ஸ்டுடியோ அண்ணாச்சி. அம்மா ஒரே பிடியாக நின்றாள். “வெளிய போன படம் ஒண்ணாவது திரும்பி வந்துச்சா? இது வீட்டை விட்டுப் போவக் கூடாது.” அப்போதுதான் பிரவுசிங் சென்டரில் தேடி, காப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி மாத்திரை, மூன்றையும் கரைத்தால் படம் வரும் என்று கண்டுபிடித்தேன். அண்ணாச்சி தன்னிடம் சும்மா கிடந்த, ஃபிலிம் கழுவும் டாங்க்கையும், வெளிச்சம் படாமல் சுருளை அதில் ஏற்றக் கறுப்புத் துணிப் பையையும், வந்த படம் அழியாமல் நிற்க மிச்சமிருந்த ஹைப்போவையும் கொடுத்தார். “வந்தா எனக்கும் காட்டுங்க” என்றார். வராது என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

நான் நேரடியாக அக்காவின் சுருளில் கைவைக்கவில்லை. காலாவதியான கலர் ஃபிலிம் ஒன்றை வாங்கி, அண்ணாச்சியின் கேமராவில் போட்டுத் தெருவைப் படம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, அதில்தான் சோதித்தேன். முதல் துண்டுக்கு அம்மா பில்டரில் முதல் டிகாஷன் இறக்கிப் பெருமையோடு கொண்டுவந்தாள். மணம் தெருவரைக்கும் போனது. ஃபிலிமில் ஒன்றும் வரவில்லை. இன்ஸ்டன்ட் தூள்தான் வேண்டுமாம், சிக்கரி கலக்காததாக. நம் ஊரில் சிக்கரி கலக்காத தூளைத் தேடி அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தூள் கிடைத்ததும் அடுத்த துண்டில் நிழலாக ஏதோ தெரிந்தது. ஆனால் மேலே முழுக்க வெள்ளைப் பொருக்கு. போர் தண்ணீரில் சோடாவைப் போட்டதும் சுண்ணாம்பு மாதிரி திரண்டு ஃபிலிமில் ஒட்டியிருந்தது. அதற்கடுத்த துண்டை உச்சிவெயில் நேரத்தில் கழுவினேன். தண்ணீர்ச் சூட்டில், படம் பதியும் மேல் படலம் இளகி, பாலாடை மாதிரி கழன்று வந்தது. இருபது டிகிரியில் வைத்துக்கொள் என்று அந்தக் குறிப்பில் எழுதியிருந்தது. எழுதியவன் எந்தக் குளிர்தேசத்தில் இருந்தானோ. சித்திரை மாதத்துக் கோவில்பட்டியில் போர் தண்ணீர் ஏறும் மாடித் தொட்டியின் குழாயைத் திறந்தால் கைசுடும்.

ஆகவே நல்ல தண்ணீர். அதுவும் மண்பானையில் குளிர்ந்த தண்ணீர். நல்ல தண்ணீர் எங்கள் தெருவுக்கு என்றைக்கு வரும் என்று குழாய் திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. வந்த அன்றைக்குப் பிடித்துவைப்பதுதான் அடுத்த முறை வரும்வரைக்கும் குடிக்க, பொங்க. அதில் யாரும் கை கழுவக்கூட மாட்டார்கள். அரிசியே முதல் களைசல் போர் தண்ணீரில், கடைசிக் களைசல் மட்டும் நல்ல தண்ணீரில். அப்படிப்பட்ட வீட்டில் அம்மா ஒரு பானை முழுக்க எனக்கு ஒதுக்கிக் கொடுத்தாள். கடைசிச் சோதனைத் துண்டு அதில் சுத்தமாக வந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மறுநாள் அக்காவின் சுருளை டாங்க்கில் ஏற்றினேன். பானைத் தண்ணீரில் காப்பியைக் கரைத்து, சுற்றிலும் ஐஸ் கட்டி வைத்து, சொல்லியிருந்த நேரம்வரை ஆட்டினேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஹைப்போவும் முடிந்து மூடியைத் திறந்து சுருளை வெளியே இழுத்தேன். வந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கொடி, சேலை, சிரிப்பு, எல்லாம் இருந்தது.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். “ஏலே, இது யாரு? முடியெல்லாம் வெள்ளையா, கெழவி கணக்கா இருக்கா.”

“அக்காதாம்மா. நெகட்டிவ்ல கறுப்பு வெள்ளையாத் தெரியும், வெள்ளை கறுப்பாத் தெரியும். பிரிண்ட் போட்டாச் சரியாயிரும்.”

“நல்ல நிறம்லா அவ. இப்பிடிக் கறுத்துக் கெடக்காளே.”

இனி நல்லா அலசிக் காயப்போட்டால் முடிந்தது, பானைத் தண்ணீரில்தான் அலச வேண்டும் என்று சொல்லி, சுருளைக் காலிப் பேசினில் வைத்துவிட்டு, தொங்கவிடுவதற்குக் கொடி கட்டப் போனேன். “நீ கட்டு, நான் அலசுதேன்” என்றாள். என் மகளை நான் அலசக்கூடாதா என்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல். நானும் சந்தோஷத்தில் சரியென்றேன்.

திரும்பி வந்தபோது குழாய் திறந்திருந்தது. பேசின் நிறையப் போர் தண்ணீர். பானையின் அடியில் மிஞ்சிக் கிடந்த தண்ணீரை அவள் தொடவே இல்லை. “தண்ணி காணாதுன்னு முதல் அலசை இதுல போட்டுட்டேன். கடைசி அலசுக்கு நல்ல தண்ணி” என்றாள். அரிசிக்குச் செய்வதைத்தான் செய்திருந்தாள். மாடியில் கொதித்த தண்ணீருக்குள் கையை விட்டேன். படலம் கழன்று, பழுப்பு ஆடையாகச் சுருண்டு, விரலிடுக்கில் வழுக்கிப் போனது. பானையில் இருந்த தண்ணீரையெல்லாம் அதில் கொட்டினேன். ஐஸ் கட்டிகளையும் போட்டேன். அழுகை வந்தது, அழுதேன். கையில் மிஞ்சியது ஒரு முழ நீளத்துக்கும் மேலான வெறும் பிளாஸ்டிக்.

“காப்பித்தூளு சரியில்லையோ?” என்றாள் அம்மா.

“ஃபிலிம் பழசும்மா.”

கேமராவில் மிச்சம் ஒன்றும் இல்லை, பரணிலும் இல்லை. தண்ணீரைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அண்ணாச்சியிடம் டாங்க்கைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த ஆடி மாதம் குளத்தூரிலிருந்து சித்தி வந்திருந்தாள். காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டே அம்மா சாதாரணமாகப் பேச்சை எடுத்தாள். “ஏட்டி, நான் அவளைப் பாத்தேன். ஒரு தடவைதான். முடியெல்லாம் நரைச்சிட்டு.”

சித்தி என்னைப் பார்த்தாள். அது நெகட்டிவ் என்று மறுபடி சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

“மூஞ்சி அப்பிடிக் கறுத்துப்போச்சு. அவ போன எடத்துலயும் நிழலு கெடையாது போலட்டி.”