சர்வர் படுத்திருந்த பன்னிரண்டு நாட்கள்

அந்தச் சிவப்பு ஹெல்மெட்டைக் கையில் எடுத்தால் இன்றைக்கும் லேசாக வெங்காய வாசம் அடிக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சுத் துணியைச் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காயவைத்துப் பார்த்துவிட்டேன். அலசிய இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் மெல்லத் தலைகாட்டும். வேறு ஹெல்மெட் வாங்கலாமே என்று கணவர் துபாயிலிருந்து போனில் சொல்வார். வாங்கலாம்தான். ஆனால் என் மாமனார் எனக்கு நேராகச் சொன்ன முதல் பதில் அந்த ஹெல்மெட். அதைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில், எறையூருக்குப் பக்கம். மாமனார் முப்பது வருஷம் கரும்பு லாரி ஓட்டியவர். எங்கள் வீட்டில் மருமகள் மாமனாருக்கு எதிரே நின்று பேசும் வழக்கம் கிடையாது. சண்டை ஒன்றும் இல்லை, அப்படியே பழகிவிட்டது. சாப்பாடு தயார் என்றால் மாமியாரிடம், "மாமாவைச் சாப்பிட வரச் சொல்லுங்க அத்தை" என்பேன். அவர் மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார், நான் சொன்னது முழுக்கக் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் அத்தை ஒருமுறை சொன்ன பிறகுதான் எழுந்திருப்பார். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நாங்கள் நேருக்கு நேர் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நான் அப்போது செல்போனில் ஒரு கோட்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தேன். மகள் பால்வாடிக்குப் போனபின் பொழுது போகாமல் தொடங்கியது. இருபது பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்க வேண்டும். தினமும் மாலை ஐந்து மணிக்கு எதிரிகள் தாக்க வருவார்கள். எங்கள் கூட்டத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஆட்கள். யார் என்னவென்று தெரியாது, எழுத்தில்தான் பேச்சு. ஒரு வருஷத்தில் நான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஆகிவிட்டேன். எல்லோரும் என்னைத் "தலைவரே" என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் குழம்புக்கு எவ்வளவு புளி என்பதைக்கூட நான் முடிவு செய்ததில்லை. அங்கே பத்தொன்பது பேர் நான் சொன்ன இடத்தில் நிற்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் 'லாரி' என்ற பெயரில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். ஆட்டம் சுமார்தான். ஆனால் எங்கே நிறுத்தினாலும் நகரமாட்டார். "பின்னாடி நிக்கிறேன் தலைவரே" என்று ஒரு வரி போட்டுவிட்டு நிற்பார். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, முன்கூடத்து ஸ்டூலில் மாமாவுக்கு டீயை வைத்துவிட்டு உள்ளே வந்து போனை எடுத்தேன். "டீ வந்துருச்சு, ஒரு நிமிசம் இருங்க" என்று லாரியிடமிருந்து செய்தி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேண்டுமென்றே மறுநாள் டீயில் சர்க்கரையைக் குறைத்துப் பார்த்தேன். "தலைவரே, இன்னிக்கு டீயில சக்கரை பத்தல" என்று வந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதன்பிறகு கோட்டைக்குள் நிறையப் பேசினோம். லாரி ஓட்டிய காலத்தில் வேப்பந்தட்டைப் பக்கம் டயர் வெடித்து இரண்டு நாள் கரும்புக்குக் காவல் இருந்த கதையெல்லாம் அங்கேதான் சொன்னார். வீட்டுக்குள் பழையபடி அத்தை வழியாகத்தான் எல்லாம் போய்வந்தன.

அந்தச் சமயத்தில்தான் அரியலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குப் பார்மசிஸ்ட் வேலை கிடைத்தது. டி.பார்ம் படித்துவிட்டுச் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தவள் நான். அடுத்த வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லையென்றால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். கணவர், "அப்பா சொன்னா சரி" என்று போனை வைத்துவிட்டார். அத்தை, "ரெண்டு பஸ்சு மாறிப் போயிட்டு எப்ப வந்து புள்ளையப் பாக்குறது?" என்று முதல் வார்த்தையிலேயே கதவைச் சாத்திவிட்டார். அவர் வழியாக மாமாவிடம் கேட்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கலாமே என்று என் தோழி பின்னால் திட்டினாள். அதில் கேட்டால் அது மருமகள் மாமனாரைக் கேட்டதாகிவிடும். கோட்டைக்குள் கேட்டால் தலைவர் தன் ஆளைக் கேட்டது. இந்த வித்தியாசம் அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஐந்து மணிக்குச் சற்று முன்பு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். "அரியலூர்ல வேலை கெடச்சிருக்கு. திங்க விட்டு மறு திங்க சேரணும். போகட்டுமா?" அனுப்பிய கையோடு திரை நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. முன்கூடத்திலிருந்து மாமா "ப்ச்" என்பது கேட்டது. கேள்வி அவரைச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. போய்க் கேட்கவும் முடியவில்லை.

சர்வர் படுத்துவிட்டது, விரைவில் சரியாகும் என்று விளையாட்டுக்காரர்கள் ஒரு அறிவிப்புப் போட்டார்கள். தினமும் அதே அறிவிப்பு. எங்கள் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம். மாமா அதில் இல்லை. அரியலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் கோட்டையை ஒரு தாளில் வரைந்து அதில் போட்டார். பூலாம்பாடிக்காரர் ஒருவர் ஐந்து மணி அடித்தால், "வடக்கு வாசலுக்கு வந்துட்டேன்" என்று எழுதுவார். "எதிரி வரல, போய் டீ குடிங்க" என்று ஜெராக்ஸ்காரர் பதில் போடுவார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

மாமாவும் ஐந்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து வட்டத்தைப் பார்ப்பார். போனை அணைத்துப் போடுவார். மொட்டை மாடிக்குப் போய்த் தூக்கிப் பிடிப்பார். செவ்வாய்க்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குப் போனவர், மதியம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். கையில் இந்தச் சிவப்பு ஹெல்மெட். அவருடைய கறுப்பு ஹெல்மெட் தலையிலேயே இருந்தது.

"ஒத்தத் தலைக்கு எதுக்கு ரெண்டு?" என்று அத்தை கேட்டார்.

"கெடக்கட்டும்" என்று சொல்லி, சமையல்கட்டு வாசலுக்கு நேரே இருந்த ஆணியில் மாட்டினார். துபாயிலிருந்து மகன் வரும்போது போட்டுக்கொள்ள என்று நான் நினைத்துக்கொண்டேன். வியாழக்கிழமை அத்தை அதை இறக்கி, முற்றத்தில் காய்ந்த சின்ன வெங்காயத்தில் இரண்டு படி அள்ளிப்போட்டு, வாரைப் பிடித்துத் திரும்பவும் ஆணியில் தொங்கவிட்டார். தினமும் அதில் கைவிட்டுத்தான் குழம்புக்கு வெங்காயம் எடுத்தேன்.

ஞாயிறு சாயங்காலம் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. கேள்வி அவரைச் சேர்ந்திருக்கும், வேண்டாம் என்று சொல்ல மனமில்லாமல் சும்மா இருக்கிறார் என்று முடிவுக்கு வந்தேன். அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரில் யாருமே கூப்பிடாத பேரைச் சொல்லி, தலைவரே தலைவரே என்று அழைத்துவிட்டு, ஒரு பதில் சொல்லத் துப்பில்லையா என்று மனசுக்குள் திட்டினேன். காலையில் மருத்துவமனைக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்று படுத்தேன்.

திங்கள் காலை ஆறு மணி இருக்கும். இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். தடதடவென்று சத்தம். திரும்பினால் மாமா ஹெல்மெட்டைத் தரையில் கவிழ்த்து, வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். சருகைத் தட்டிவிட்டு, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து நின்றார். அப்படி அவர் நின்று நான் பார்த்ததில்லை.

"தலைவரே, மணியாவுது. இன்னும் கெளம்பலையா?"

அத்தை பின்னால் வந்து, "யாரு தலைவரு?" என்றார்.

"எங்க கூட்டத்துக்கு இவங்கதான் தலைவரு" என்றார் மாமா, அத்தையைத் திரும்பிப் பார்க்காமல். "செவ்வாக்கெழமையே பதில் சொல்லிட்டேன். இவங்க இட்லி ஊத்திக்கிட்டு நிக்கிறாங்க."

"பதிலா? என்ன பதில் மாமா?" என்றேன். அத்தை இல்லாமல் நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அவர் ஹெல்மெட்டை நீட்டினார். "பின்னாடி ஒக்கார்றவங்களுக்கும் இது வேணும்ல."

அத்தை உட்கார்ந்து வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பித்தார். "புள்ளைய யாரு பாக்குறது?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். "நான் பாக்குறேன். வட்டத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறதுக்கு அது மேலு" என்றார் மாமா. அரை மணி நேரத்தில் புடவை மாற்றி, பீரோவிலிருந்து சான்றிதழை எடுத்துக்கொண்டு வந்தேன். மற்ற விஷயத்தைப் பெரம்பலூர் போகிற வழியில், காற்றுக்கு மேல் கத்திச் சொன்னார். என் கேள்வியைப் பார்த்திருக்கிறார். பதில் எழுதியிருக்கிறார், போகவில்லை. போனில்தான் கோளாறு என்று நினைத்துக் கடைக்குக் கொண்டுபோனால், கடைக்காரர் எல்லாவற்றையும் சுத்தமாக அழித்துக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் பக்கத்துக் கடையில் ஹெல்மெட்டைப் பார்த்திருக்கிறார்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே மாமா" என்றேன்.

"எப்படிம்மா சொல்றது, பழக்கமில்லாம" என்றார். கண்ணில் நீர் வந்ததற்கு எதிர்க்காற்றைக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சர்வர் எழுந்தது. மாமாவின் பழைய கணக்கு திரும்பவே இல்லை. "புது ஆளு, சேத்துக்குவீங்களா?" என்று முதல் படியிலிருந்து மறுபடி வந்து சேர்ந்தார். நான் வேலைக்குப் போகத் தொடங்கியபின் ஐந்து மணி ஆட்டம் எனக்குக் குறைந்துபோயிற்று. தலைவர் பதவியைப் பூலாம்பாடிக்காரர் எடுத்துக்கொண்டார்.

இப்போது மாமாவுக்கு ஒரு கண்ணில் புரை. வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டு விட்டேன். மாதம் ஒருமுறை அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். போன வாரமும் போனோம். சிவப்பு ஹெல்மெட்டை அவர் தலையில் மாட்டி வாரை இழுத்துவிட்டேன். மூக்கை உறிஞ்சி, "இன்னும் வெங்காயம்" என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் என் தோளைப் பிடிக்கத் தயங்கி, வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒக்காந்துட்டீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"பின்னாடி இருக்கேன் தலைவரே" என்றார்.