அத்தை வரைந்த நீலக் கண்ணாடி

என் அத்தை சுனாபட்டியில் ஒரு பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். வேலை ஓய்ந்த நேரத்தில் பூவின் மகரந்தத்தையும் குட்டைத் தண்ணீரையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள்; ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் கண்ணாடியில் வரைவாள். மைக்ராஸ்கோப்பில் வெளிச்சம் கீழேயிருந்து வருமாம், அதனால் காகிதம் அவளுக்குச் சரிப்படவில்லை. போட்டோ பிரேம் பட்டறையில் இருந்த அப்பா, தங்கைக்காக மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளைக் கொண்டுவருவார். எங்கள் லேபர் கேம்ப் வீட்டின் ஒரே ஜன்னலில் படத்தைச் சாத்தினால் தரையெல்லாம் கலர் விழும்.

அந்த வருஷம் அப்பாவுக்கு இருமல் வந்தது. அவர் டம்ளர் தனியானது. என் பாய் அடுப்படிக்குப் போனது. பக்கத்தில் போனாலே அம்மா இழுத்துவிடுவாள். கேட்டால், "ஒண்ணுமில்லட்டி" என்பார்கள். அப்பாவோ இளைத்துக்கொண்டே போனார். ராத்திரி இருமினால் பயமாக இருக்கும். இருமல் நின்றுவிட்டால் இன்னும் பயம்.

அப்போதுதான் அத்தை ஒரு படம் வரைந்தாள். நீலத்தில் பொடிப்பொடியாய்ச் சிவப்புக் குச்சிகள். கொள்ளை அழகு. ஜன்னலில் வைக்கச் சொன்னேன். அதைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

அப்பா மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினார். ஒரு ஞாயிறு, அத்தை புதுக் கண்ணாடி ஒன்றை ஜன்னலில் வைத்தாள். வெறும் நீலம். அம்மா அதை மூலை மூலையாக உற்றுப் பார்த்தாள்.

"நெசமாவே ஒண்ணுகூட இல்லையா?"

"டென்ஷன் எடுக்காதீங்க மதினி. திரும்பத் திரும்பப் பாத்துட்டேன்."

ஒன்றுமே இல்லாத படத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? பாவம், அத்தை சிவப்பை மறந்துவிட்டாள் என்று, எல்லோரும் டீ குடிக்கும்போது நானே பிரஷ்ஷை எடுத்து நாலு குச்சி போட்டேன்.

"அத்தை, இப்பப் பாருங்க!"

அம்மா போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு இந்திக்கார பாபி ஓடி வந்தாள். என் முதுகில் ஓர் அறை விழுந்தது. பிறகு அம்மா முந்தானையால் அந்தக் குச்சிகளை அழுதுகொண்டே தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அப்பா மட்டும் சிரித்தார். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

அந்தச் சிவப்புக் குச்சிகள் அப்பாவின் சளியில் அத்தை கண்ட காசநோய்க் கிருமிகள் என்பது காலேஜ் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான், இவ்வளவு நல்ல படத்தைக் கெடுத்துவிட்டாளே என்று அம்மாமேல் கோபமாக இருந்தேன்.