மேட்டில் நின்ற கார்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் முன்னால் பேச வேண்டி வந்தால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாத்தளையில் மிளகு, ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவரிடம் கார் ஓட்டுகிறேன். அதிகம் பேசாததால்தான் என்னை வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் ஒரு காலை, லக்கலயில் வயல் பார்க்கப் போக இருந்தோம். நான் போய்ச் சேர்ந்தபோது ஹாஜியாரின் மச்சான் காரை ஸ்டார்ட் பண்ணி உறுமவிட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டு முற்றம் சரிவானது. கார் முன்பக்கம் மேட்டைப் பார்த்து நிற்கும். மச்சான் இஞ்சினை நிறுத்திய கையோடு பொனட்டைத் திறந்து ஒயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் மட்டும் கொஞ்சம் கறுப்பு. வாசலில் நின்ற ஹாஜியாரைக் கூப்பிட்டார்.

"மச்சான், இங்க வந்து பாருங்க. ஒயிலே இல்ல. ஒங்கட டிரைவர் சோத்துக்கு ஊத்திச் சாப்புடுறாரோ?"

ஹாஜியார் சிரிக்கவில்லை. "லக்கலயில இஞ்சின் எரிஞ்சா யாரு வருவா? இதப் பாக்கத்தானே ஒங்கள வச்சிருக்கு?" என்றார் என்னிடம்.

மேட்டில் ஒயில் பின்னால் ஒதுங்கிவிடும், நிறுத்திய உடனே அது முழுதாகக் கீழே இறங்கியும் இருக்காது, கம்பி குறைத்துத்தான் காட்டும். இதைச் சொல்ல நினைத்தேன். "அது வந்துங்க..." என்பதோடு நின்றுவிட்டது. மச்சான் ஒயில் கேனை எடுத்து, ஊற்றுவதற்கு மூடியைத் திருகினார். கூடிப்போனால் ஒயில் நுரைத்து இஞ்சின் கெடும். கெட்டால் அதுவும் என் தலையில்தான் விழும், வேலையும் போகும்.

கம்பியை வாங்கிச் செருகி, பொனட்டை மூடிவிட்டுக் காரில் ஏறினேன். ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டேன். கார் பின்னால் உருண்டு, கேட்டருகே சமமான கொங்கிரீட்டில் வந்து நின்றது.

"ஏய், ஏய்! கோவிச்சிட்டுப் போறாரு!" மச்சான் கேனோடு ஓடி வந்தார்.

"பத்து நிமிசம் இருங்க," என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அந்தப் பத்து நிமிடம் லேசில் போகவில்லை. காய்ச்சலோடு ஓட்டியதில் மூன்று நாளாய் நானும் ஒயில் பார்த்திருக்கவில்லை. அது யாருக்கும் தெரியாது. உண்மையிலேயே குறைந்திருந்தால்?

பொனட்டைத் திறந்து, கம்பியை உருவித் துணியால் துடைத்தேன். கடைசி வரை உள்ளே விட்டு, மறுபடி உருவி ஹாஜியாரிடமே நீட்டினேன். நிறைவைக் காட்டும் மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது ஒயில். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பிறகு மச்சானிடமிருந்து கேனை வாங்கி மூடினார்.

"வாயத் தொறந்து சொன்னா என்ன மனுசன்?"

"மூணு நாளா நானும் பாக்கலீங்க ஹாஜியார்," என்றேன். கேட்டதற்கு அது பதில் இல்லை. வந்தது அதுதான்.

ஹாஜியார் காரில் ஏறினார். லக்கலயில் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால், ரோட்டோர மேட்டில் காரை ஒதுக்கப் போனேன்.

"அங்க வேணாம்," என்றார். "சமமான எடத்துல நிப்பாட்டுங்க. தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து ஒயில ரெண்டு பேரும் பாப்பம்."