பெல்ட் மூடியின் உள்பக்கம்

ரேடியேட்டரின் அடித்திருகைக் கழற்றுமுன் ஃபரஜ் தரையைப் பார்த்து, "ஒதுங்கிக்கங்கப்பா, சுடுதண்ணி வருது" என்று அறிவிப்பார். தரையில் யாரும் இருக்கமாட்டார்கள். மண்ணுக்குள் குடியிருக்கும் ஜின்களின் தலையில் வெந்நீர் கொட்டிவிடக் கூடாதென்று ஹத்ரமௌத்தின் கத்தன் ஊர்ப் பெண்கள் அடுப்படியில் சொல்லும் எச்சரிக்கை அது. ஜின் உண்டா என்று அவரிடமே கேட்டால் அடிக்க வருவார். "ஜின்னாவது மண்ணாவது. இருந்தா அதுக்குக் கால் வேகாது. இல்லேன்னா எனக்கு வாய் வலிக்கப்போறதில்ல."

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டது. ஆனால் ஹத்ரமௌத் என்ற அந்த அரபுப் பாலைவனச் சீமையில் ஸ்பேனர் பிடித்தவரெல்லாம் இன்ஜினியர். எனவே அவரும் இன்ஜினியர். பழைய டீசல் லேண்ட் குரூஸர்களுக்கு டைமிங் பெல்ட் மாற்றுவதைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். பிரேக் என்று வந்தால் எதிர்க்கடைக்குக் கைகாட்டிவிடுவார். அந்த வண்டிகள் லட்சம் கிலோமீட்டர் ஓடியதும், பெல்ட்டை மாற்றச் சொல்லி ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு விளக்கு எரியும். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு இன்னும் ஓட்டுவது டிரைவர்களின் வழக்கம். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை முட்டும், வண்டி மணலில் நிற்கும். மணலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி வந்ததில்லை.

"விளக்குக்கு ஒட்டின டேப்பை பெல்ட்டுக்கும் ஒரு சுத்து சுத்தியிருக்கலாமே" என்பார் ஃபரஜ்.

கழற்றிய போல்ட்டுகளைச் சூரைமீன் டப்பாவில் போட்டு டப்பாவை மடியிலேயே வைத்துக்கொள்வார். பெல்ட்டை உருவும் நேரத்தில் கடையில் பேச்சு கூடாது. அது விலகிய நொடியில் மேல் சக்கரம், யாரும் தொடாமலே, டக்கென்று நாலு பல் திரும்பும். முதல்முறை பார்ப்பவர்கள் ஓதத் தொடங்கிவிடுவார்கள். உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும் வால்வு ஸ்பிரிங்குகளின் வேலை அது என்று ஃபரஜ் பொறுமையாக விளக்குவார். விளக்குகிற கையில் மயிர் குத்திட்டு நிற்கும்.

பெல்ட் மூடியைத் திரும்ப மாட்டுமுன் அதன் உள்பக்கம் தேதியும் கிலோமீட்டரும் எழுதுவது இந்தத் தொழிலின் மரியாதை. அடுத்துத் திறக்கப்போகிற, முகம் தெரியாத ஒருவனுக்கு எழுதுவது. ஃபரஜின் அண்ணன் கராமா அதோடு இடது கட்டைவிரலையும் பெயின்ட்டில் தோய்த்துப் பதிப்பார். அந்த விரலின் நுனியை ஒரு ஃபேன் இறக்கை வாங்கிவிட்டிருந்தது. ரேகை பாதியில் சீவினாற்போல் முடியும்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன், மணலில் நின்றுபோன வண்டியைச் சரிசெய்யப் போன கராமா திரும்பவில்லை. அவர் ஓட்டிப்போன வண்டி கிடைத்தது. கதவு திறந்திருந்தது. தண்ணீர் கேன் நிரம்பியிருந்தது. காத்திருக்க வேண்டிய காலம் காத்திருந்து, இறந்துவிட்டதாகக் காஜியார் தீர்ப்பு எழுதிய பிறகு, உடல் இல்லாமலே ஜனாஸா தொழுகை நடத்தினார்கள். ஃபரஜ்தான் முன்னின்று தொழவைத்தார். அடுத்த வருஷம் அண்ணன் மனைவி முஸ்னாவை அவரே நிக்காஹ் செய்துகொண்டார். மூன்று பிள்ளைகள்.

போன மாதம் எல்லைக்கு ஆள் ஏற்றும் யஸ்லம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஃபரஜ் மூடியைக் கழற்றித் திருப்பினார். கறுப்பு மூடியில் வெள்ளை பெயின்ட். நாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதன் கீழே, பாதியில் சீவினாற்போல் முடிந்த ஒரு கட்டைவிரல்.

மடியிலிருந்த டப்பா சரிந்து போல்ட்டுகள் உருண்டன. அவர் குனிந்து அவற்றைப் பொறுக்கவில்லை.

"எங்கடா வாங்கின இத?"

"எல்லைக்கு அந்தப் பக்கம், ஷரூராவுல, ஒட்டகம் மேய்க்கிறவன்கிட்ட. ஏன் இன்ஜினியரே, திருட்டு வண்டியா?"

"பெல்ட்டை யாரு மாத்தினதாம்?"

"அது ஒரு கதை, மாமா. விளக்கு எரிஞ்சதுலேருந்து புது பெல்ட்டை டப்பாவுலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான் அந்த மகராசன். ஒருநாள் உச்சி வெயில்ல மணல்லேருந்து ஒரு ஆளு நடந்தே வந்தாராம். இன்ஜின்ல காதை வச்சாராம். இன்னிக்கு அறுந்துடும், குடுன்னு வாங்கி மாத்தினாராம். ஆட்டுக்குக் குறி போடற பெயின்ட்டைக் கேட்டு என்னமோ எழுதினாராம். அப்புறம் வந்த வழியே நடந்து போயிட்டாராம்."

"வண்டியில ஏறலையா?"

"கூப்பிட்டானாம். வரலையாம். தண்ணி குடுத்ததுக்கு, என்கிட்ட இருக்குன்னாராம். கையில ஒண்ணுமே இல்லையாம்." யஸ்லம் சிரித்தான். "ஒட்டகக்காரன் சொல்றதுதானே. பாதிக்குப் பாதி கழிச்சுக்கணும்."

ஃபரஜ் கழித்துப் பார்த்தார். அண்ணனிடம் கற்றவன் எவனாவது இருக்கலாம். ஆனால் கராமா யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்தவரல்ல. கற்றவன் விரலைச் சீவிக்கொண்டிருக்கவும் மாட்டான். செத்தவர் நடந்து வந்தார் என்றால், ஜின் இல்லை என்று இத்தனை வருஷம் சொன்னதற்கு ஊர் சிரிக்கும். அதைத் தாங்கிக்கொள்ளலாம். அவர் சாகவே இல்லை என்றால், வீட்டு மேல்மாடியில் இந்நேரம் சோறு வடித்துக்கொண்டிருக்கும் முஸ்னா யாருடைய மனைவி?

"மாமா, மத்தியானம் ஏழு பேர் காத்திருப்பாங்க."

வேலையில் குறை வைக்கவில்லை. பெல்ட்டை உருவியபோது சக்கரம் தானாகத் திரும்பியது. அன்று அவர் ஸ்பிரிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புதிய பெல்ட்டை மாட்டி, புள்ளிக்குப் புள்ளி பொருத்தி, இன்ஜினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார். ஒவ்வொரு சிலிண்டராக, தூங்குகிற ஆள்போல, மூச்சு இழுத்து விட்டது. கையை எடுத்த பிறகும் சக்கரம் ஒரு நூல் பின்னுக்கு வந்து நின்றது.

மூடியில் அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதினார். பழைய ரேகையைத் துடைக்க டீசல் துணியை எடுத்தவர், அதைத் தோளில் போட்டுக்கொண்டு மூடியை மாட்டினார். முதல் சாவிக்கே வண்டி கிளம்பியது. யஸ்லம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

சாப்பாட்டு வேளைக்கு ஃபரஜ் வீட்டுக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது. அவர் அதைத் தட்டினார்.

"யாரது?" என்று மேலிருந்து முஸ்னா கேட்டாள். "திறந்துதானே கிடக்கு. மீன் ஆறுது, வாங்க."

ஃபரஜ் வாசற்படியிலிருந்து இறங்கினார். வீட்டுப் பெண்கள் கண்ணில் படாமலிருக்க அந்நிய ஆண்கள் நிற்பதுபோல, இரண்டடி ஒதுங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.